ஆள் இல்லை என்கிறது தோட்டம், வேலை இல்லை என்கிறது லயம்: மலையகத்தின் தொழிற்படைக் கணக்கை வாசிப்பது எப்படி?

பொருளியல் பட்டப்படிப்பின் இறுதியாண்டு ஆய்வுக்குத் தகவல் திரட்டும் ஹட்டன் பக்கத்து மாணவி ஒருவர் மூன்று செய்திகளை முன்வைத்து, இவை ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தும் என்று கேட்டிருக்கிறார். பெண்கள் தொழிற்படையில் பங்கேற்கும் வீதத்தில் நுவரெலியா மாவட்டம் வழக்கமாக இலங்கையின் முன்வரிசையில் நிற்கிறது. நாட்டின் வேலையின்மை வீதமோ 5 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. ஆனால் அவர் வாழும் தேயிலைத் தோட்டத்தில் இருபது வயதுப் பிள்ளைகளைக் காண்பதே அரிதாகிவிட்டது. இங்கே வேலை இல்லையென்று பெரும்பாலோர் கொழும்புக்குப் போய்விட்டார்கள். தோட்ட நிர்வாகமோ கொழுந்து பறிக்க ஆள் இல்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறது. "இதில் எது பொய்?" என்பது அவருடைய கேள்வி.

எதுவும் பொய்யில்லை. மூன்றும் மூன்று வெவ்வேறு விடயங்களைச் சொல்கின்றன. நாம்தான் அவற்றை ஒரே விடயமாக எடுத்துக்கொண்டு குழம்புகிறோம். குழப்பம் தீர வேண்டுமானால் முதலில் கணக்கு எடுக்கப்படும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பிறகு, அந்தக் கணக்கு, தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்திற்கு வந்து நிற்கும்போது என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாவதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 1990 முதல் நடத்திவரும் தொழிற்படை அளவீட்டில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோர் மூன்று கூறாகப் பிரிக்கப்படுகிறார்கள். கணக்கெடுக்கும் வாரத்தில் கூலிக்காகவோ, இலாபத்திற்காகவோ, குடும்பத் தொழிலுக்காகவோ ஒரு மணித்தியாலமாவது வேலை செய்தவர் தொழில் உள்ளவர். வேலை இல்லாமல், கிடைத்தால் செய்யத் தயாராகவும் இருந்து, கடந்த நான்கு வாரங்களில் அதற்காக ஏதாவது முயற்சி செய்தவர் மட்டுமே வேலையற்றவர். இந்த இரு கூட்டமும் சேர்ந்ததுதான் தொழிற்படை. மற்றவர்கள், அதாவது மாணவர், வீட்டைப் பார்த்துக்கொள்வோர், முதியோர், தேடிச் சலித்து விட்டுவிட்டவர் ஆகியோர், பொருளாதார ரீதியில் செயற்படாதோர் என்ற தலைப்பின் கீழ் போய்விடுகிறார்கள். வயது வந்தோரில் தொழிற்படையில் இருப்போரின் பங்குதான் பங்கேற்பு வீதம். அண்மைய ஆண்டுகளில் இலங்கையில் அது பாதியை ஒட்டி இருந்துவருகிறது. ஆண்களில் ஏறத்தாழ 70 சதவீதம், பெண்களில் மூன்றிலொரு பங்கை எட்டுவதே பெரும்பாடு.

ஒரு மணித்தியாலம் என்பது கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் அது சர்வதேச தொழில் தாபனத்தின் வழிகாட்டலின்படி பெரும்பாலான நாடுகள் கைக்கொள்ளும் அளவுகோல்; நம்மை ஏமாற்றுவதற்காக யாரும் அதை வைக்கவில்லை. வேலையின்மை வீதம் என்பது எவ்வித வேலையும் இல்லாமல் தேடிக்கொண்டிருப்போரை மட்டும் எண்ணுவதற்கென்று செய்யப்பட்ட கருவி. வாழ்வதற்குப் போதுமான வேலை இருக்கிறதா என்பதை அதனிடம் கேட்பது, கொழுந்து நிறுக்கும் தராசில் வைத்து ஆளின் உயரத்தை அளக்கச் சொல்வதற்கு ஒப்பானது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஒரு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பில், 15 வயதிற்கு மேற்பட்டோர் 30 பேர் என்று வையுங்கள். 14 பேருக்கு வேலை இருக்கிறது, 2 பேர் தேடுகிறார்கள். பங்கேற்பு வீதம் 30இல் 16, அதாவது 53 சதவீதம். வேலையின்மை வீதம் 16இல் 2, அதாவது 12.5 சதவீதம். இப்போது தேடிக்கொண்டிருந்த இருவரில் ஓர் இளைஞன் கொழும்பில் ஒரு புடைவைக் கடைக்குப் போய் அங்கேயே தங்கிவிடுகிறான். உயர்தரம் முடித்துவிட்டுக் காத்திருந்த பெண் பிள்ளை, விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்து விட்டுவிடுகிறாள். லயத்தில் இப்போது 29 பேர், வேலை உள்ளவர் அதே 14 பேர். வேலையின்மை பூச்சியம்; பங்கேற்பு 48 சதவீதம். அந்தத் தோட்டத்தில் ஒரு புதிய வேலைகூட உருவாகவில்லை, ஆனால் வேலையின்மை ஒழிந்துவிட்டது. மாணவியின் இரண்டாம் செய்தியும் மூன்றாம் செய்தியும் ஒரே வீட்டில் குடியிருப்பது இப்படித்தான்.

பெண்களின் பங்கேற்பு மலைநாட்டில் ஏன் உயர்வாக இருக்கிறது என்பதற்கு வருவோம். ஒரு மாவட்டத்தில் பெண்கள் அதிகமாக வேலைக்குப் போனால் அது முன்னேற்றத்தின் அடையாளம் என்று மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. நம் மலையகத்தில் அது முன்னேற்றத்தால் வந்ததன்று. 1820களில் கோப்பித் தோட்டங்கள் திறக்கப்பட்டபோது தென்னிந்தியாவிலிருந்து பெரும்பாலும் ஆண்களே பருவகாலத்திற்கு நடந்து வந்து, அறுவடை முடிந்து திரும்பினார்கள். 1869இல் தலைகாட்டிய இலை நோய் கோப்பியை அழிக்க, 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபோது கதை மாறியது. கோப்பி ஆண்டுக்கொரு பருவம். தேயிலையோ வருடம் முழுவதும் கொழுந்து விடுவது, ஏழெட்டு நாளுக்கொருமுறை அதே மலைக்குத் திரும்ப வேண்டும். அதற்குக் குடியிருக்கும் குடும்பம் தேவைப்பட்டது. குடும்பத்தில் எல்லாக் கைகளும் தேவைப்பட்டன. ஆள் திரட்டி மேற்பார்த்த கங்காணி குடும்பம் குடும்பமாக ஆள் கட்டினார், லயம் கட்டப்பட்டது, கூலி ஓர் ஆள் சம்பளத்தில் குடும்பம் பிழைக்க முடியாத மட்டத்தில் வைக்கப்பட்டது. பெண் வேலைக்குப் போவதா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லாத அமைப்பு அது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பதுகூட 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்திற்குப் பிறகுதான் கிடைத்தது.

வேறொரு காரணமும் உண்டு, அதை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. வேலைத்தலமும் வீடும் ஒரே இடத்தில் இருக்கின்றன, பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா இருக்கிறது. கைப்பிள்ளையை அங்கே விட்டுவிட்டு மலைக்குப் போய், இடைவேளையில் வந்து பாலூட்டிவிட்டுத் திரும்ப முடியும். கம்பஹாவிலோ குருநாகலிலோ திருமணமான ஒரு பெண் வேலையை விடுவதற்கு முதற் காரணம் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லாமை, அதற்கடுத்தது போக்குவரத்து. இலங்கைப் பெண்களின் படிப்பு இவ்வளவு உயர்ந்திருந்தும் பங்கேற்பு வீதம் பல பத்தாண்டுகளாக மூன்றிலொரு பங்கிலேயே நிற்பதை விளக்கும்போது ஆய்வாளர்கள் முதலில் சுட்டுவதும் வீட்டுப் பராமரிப்பைத்தான். வறுமையின் கட்டாயம் ஒரு பக்கம் இருந்தாலும், பிள்ளைக் காம்பரா இல்லாதிருந்தால் தோட்டத்தின் அந்த உயர்ந்த வீதமும் இருந்திருக்காது. பெண் பங்கேற்பை எப்படி உயர்த்துவது என்று கொழும்பில் கருத்தரங்கு நடத்துவோர் ஒருமுறை பொகவந்தலாவைக்கு வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

பொருளியலில் இதற்கு ஒரு வடிவம் சொல்வார்கள். பின்தங்கிய வேளாண் பொருளாதாரத்தில் பெண்களின் பங்கேற்பு உயர்வாக இருக்கும்; வருமானம் கூடக்கூட அவர்கள் வயலையும் கூலியையும் விட்டு வீட்டிற்குத் திரும்புவார்கள், வீதம் கீழிறங்கும்; படிப்பும் அலுவலக வேலைகளும் பெருகிய பிறகு மீண்டும் ஏறும். குழிந்த வளைகோடாக இதை விளக்கி வலுச்சேர்த்தவர்களில் முக்கியமானவர் 2023இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின். மலையகம் இப்போது அந்த வளைகோட்டின் இறங்கும் பக்கத்தில் நிற்கிறது என்பது என் கணிப்பு. பாட்டி கொழுந்தெடுத்தார், அம்மா கொழுந்தெடுக்கிறார், மகள் எடுக்கமாட்டாள். மகள் எடுக்காமல் விடுவதால் வீதம் இறங்குவது உறுதி. ஏறும் பக்கத்தில் அவளுக்காக ஏதாவது காத்திருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஆசிரியப் பணி ஒரு வாசலைத் திறந்தது; பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலிருந்து வெளியேறியவர்களால் எத்தனையோ லயங்களில் முதல் மாதச் சம்பளக்காரர் ஒரு பெண்ணாக இருந்திருக்கிறார். ஆனால் ஒரு வட்டாரம் முழுவதையும் ஆசிரியத் தொழில் தாங்காது. அதற்கு அப்பால் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் படித்த பெண்ணுக்கு எஞ்சுவது கடை, தனியார் வகுப்பு, நிதி நிறுவனக் கிளை, ஆடைத் தொழிற்சாலை. நாடு முழுவதும் வேலையின்மை உயர்தரமும் அதற்கு மேலும் படித்தோரிடத்தில்தான் அதிகம், அவர்களிலும் பெண்களிடத்தில் இன்னும் அதிகம். 15 முதல் 24 வயதுக்குட்பட்டோரின் வேலையின்மை 20 சதவீதத்தைத் தாண்டுவது வழக்கம். மொத்த வீதமான 5 சதவீதத்திற்குள் இந்த 20 ஒளிந்திருப்பதை மாணவி தன் ஆய்வில் தனியே எடுத்துக்காட்ட வேண்டும்.

இனி ஆள் இல்லை என்ற பேச்சு. 1992இல் அரசின் கைவசமிருந்த பெருந்தோட்டங்கள் 22 பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோது அவற்றில் 3 இலட்சத்திற்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் பதிவில் இருந்தார்கள். இன்று அதில் பாதிகூட இல்லை. வளரும் நாடுகளைப் பற்றி 1954இல் எழுதிய ஆர்தர் லூயிஸ், மரபுத் துறையில் மிகுந்து கிடக்கும் உழைப்பாளரை நவீனத் துறை ஏறக்குறைய ஒரே கூலியில் வேண்டிய மட்டும் இழுத்துக்கொள்ளும், அந்த மிகுதி தீர்ந்த பிறகே கூலி ஏறும் என்றார். அந்தக் கோட்பாட்டைத் தோட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். ஆள் பற்றாக்குறை என்று முப்பது வருடமாகச் சொல்லப்படுகிறது. பற்றாக்குறையான பொருளின் விலை ஏறுவதுதான் சந்தையின் இயல்பு. இங்கோ கூலி ஒவ்வொரு முறையும் வீதி மறியலுக்கும் நீதிமன்றத்திற்கும் பிறகே அசைந்திருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்த 2019 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாகத்தான் நிறைவேறியது. 2024 மே மாதத்தில் 1700 ரூபா என்று அறிவிக்கப்பட்டு, கம்பனிகள் நீதிமன்றம் சென்றதில் அது நின்று, செப்டெம்பரில் 1350 ரூபாவாக முடிந்தது. இடையில் என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும்: 2022இல் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது, 2021ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால் 2024இல் விலைகள் இருமடங்கை நெருங்கிவிட்டன. 1350 ரூபாவை 2021இன் விலையில் மதிப்பிட்டால் ஏறத்தாழ 700 ரூபாதான் வரும். அதாவது இத்தனை போராட்டத்திற்கும் பிறகு, ஆயிரம் ரூபா வாங்கிய அன்று ஒரு தொழிலாளி வாங்க முடிந்த மாவும் மண்ணெண்ணெயும் 2024இன் 1350 ரூபாவில் வாங்க முடியவில்லை. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் நாட்சம்பளத்தை 1550 ரூபாவாக்கவும், வேலைக்கு வந்த நாளுக்கு அரசே 200 ரூபா ஊக்கத்தொகை தரவும் முன்மொழிந்தது. வரவுக்கென்று தனிப்பணம் கொடுக்கும் நிலை வந்திருப்பதே, பதிவில் பெயர் இருப்பதும் மலைக்கு வருவதும் வேறு வேறு ஆகிவிட்டன என்பதை ஒப்புக்கொள்வதாகும்.

நாட்சம்பளம் என்பது மாத வருமானமும் அன்று. என் அம்மா முப்பது வருடத்திற்கு மேல் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வரவுப் பதிவேட்டில், பேர் வைத்திருந்தவர். சம்பளம் எவ்வளவு என்று அவரிடம் யாராவது கேட்டால் தொகையைச் சொல்லமாட்டார், "எத்தனை பேர் போட்டிருக்கிறார்களோ அதைப் பொறுத்து" என்பார். பேர் என்பது ஒரு நாள் வேலைக்கான பதிவு: நிர்ணயித்த கிலோவை எடுத்தால் முழுப் பேர், எடுக்கத் தவறினால் அரைப் பேர். மழை பெய்து கொழுந்து குவியும் மாதத்தில் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்கு, அதாவது பேருக்கு வெளியே தனியாகத் தரும் பணத்திற்கு, வேலை இருக்கும்; வரட்சி வந்து கொழுந்து நின்றுவிட்டால் வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் கிடைக்காது. நாட்சம்பளம் உயர்ந்த உடனே கிலோ அளவும் உயர்ந்த தோட்டங்கள் உண்டு. ஒரு மணித்தியாலம் வேலை செய்தாலும் தொழில் உள்ளவர் என்னும் அளவுகோலில், மாதம் 12 பேர் வாங்கியவரும் 25 பேர் வாங்கியவரும் ஒன்றுதான். வறுமைக் கணக்கில் அந்த வித்தியாசம் தெரிந்துவிடுகிறது: 2019ஆம் ஆண்டின் உத்தியோகபூர்வ வறுமை வீதம் நாட்டிற்கு 14.3 சதவீதமாக இருந்தபோது தோட்டத்துறைக்கு 33.8 சதவீதம். வேலையில் இருப்போரை அதிகமாகக் கொண்ட துறையே வறுமையிலும் முதலிடத்தில் நிற்கிறது என்பதை மாணவி தன் முதல் அத்தியாயத்தின் முதல் வரியாகவே எழுதலாம்.

கம்பனிகளின் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தேயிலையின் உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் கூலி. விற்கும் விலையைக் கொழும்பு ஏலம் தீர்மானிக்கிறது, கம்பனியன்று. பல மலைகளில் இன்னும் வெள்ளைக்காரன் காலத்து விதைக் கன்றுச் செடிகளே நிற்கின்றன. நாட்டின் தேயிலையில் நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கைத் தருவது இப்போது சிறுதோட்ட உடைமையாளர்கள். 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென்று தடைசெய்ததில், 2013இல் 340 மில்லியன் கிலோவைத் தொட்ட உற்பத்தி 2022இல் 250 மில்லியனை ஒட்டி இறங்கியது. இவை எல்லாம் உண்மை. ஆனால் செடியை மாற்றி நடாமல் விட்டது யார் என்ற கேள்வியும் இருக்கிறது. அதற்குக் கொழுந்தெடுப்பவர் பொறுப்பாக முடியாது.

ஆள் இல்லை என்ற கூற்றை நான் இப்படித் திருத்தி வாசிப்பேன்: இந்தக் கூலிக்கு, இந்த மரியாதைக்கு வர ஆள் இல்லை. மரியாதையைப் பற்றிப் புள்ளிவிபரம் எதுவும் எடுக்கப்படுவதில்லை. ஆனால் கொழும்பின் புறக்கோட்டையில் பன்னிரண்டு மணித்தியாலம் நின்றபடி வேலை செய்யும் ஒரு பையனிடம், தோட்டத்தில் எட்டு மணித்தியால வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டுப் பாருங்கள். பணத்தைச் சொல்வதற்கு முன்பே, அங்கே தன்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதைத்தான் சொல்வான். சீருடை அணிந்து பாடசாலைக்குப் போய் உயர்தரம் வரை படித்தவனை, அவனுடைய தாத்தாவை ஏவிய அதே தொனியில் ஏவினால் அவன் பஸ் ஏறாமல் என்ன செய்வான்?

ஆனால் அவன் எதை விட்டுவிட்டு எதைப் பெற்றான் என்பதை அவனே கணக்குப் பார்ப்பதில்லை. தோட்டப் பதிவுத் தொழிலாளி, எவ்வளவு குறைந்த சம்பளம் வாங்கினாலும், முறைசார்ந்த தொழிலில் இருப்பவர். பொதுவாக அவருடைய சம்பளத்தில் 8 சதவீதமும் கம்பனியின் 12 சதவீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகும்; நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதம்; ஐந்து வருடம் கடந்தால் பணிக்கொடை; பெண்ணுக்கு 84 நாள் பிரசவ விடுமுறை. கடையிலும் உணவகத்திலும் வீட்டு வேலையிலும் இருப்போரில் எத்தனை பேருக்கு அந்த நிதியில் இலக்கம் இருக்கிறது? கடைக்கும் உணவகத்திற்கும் சட்டப்படி உரிமை உண்டு, நடைமுறையில் பலருக்குக் கிடையாது. இலங்கையில் வேலை செய்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் முறைசாராத் துறையில்தான் இருக்கிறார்கள். பொதுவாக வளரும் நாடுகளில் முறைசாராத் தொழிலிலிருந்து முறைசார்ந்த தொழிலுக்கு நகர்வதுதான் முன்னேற்றம் என்று எழுதுவார்கள். நம் பிள்ளைகள் எதிர்த்திசையில் நடக்கிறார்கள். அப்படி நடப்பதையே முன்னேற்றம் என்றும் உணர்கிறார்கள். அந்த உணர்வு தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் ஐம்பத்தைந்து வயதில் அவர்கள் கையில் என்ன இருக்கும் என்ற கவலை எனக்கு உண்டு.

லயக் காம்பராவையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். வீடு தோட்டத்திற்குச் சொந்தம். குடும்பத்தில் யாராவது ஒருவர் பதிவில் இருக்கும் வரையில் அங்கே இருப்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஆகவே பல குடும்பங்கள் தமக்குள் பேசி வைத்துக்கொண்டது போல ஒருவரைத் தோட்டத்தில் நிறுத்திவிட்டு மற்றவர்களை வெளியே அனுப்புகின்றன. நிற்பவர் பெரும்பாலும் அம்மா. அவருடைய நாட்சம்பளம் வீட்டு வாடகை போலவும், கொழும்பிலிருந்து வரும் பணமே உண்மையான வருமானமாகவும் ஆகிவிடுகிறது. பெண் பங்கேற்பு வீதம் இன்னும் உயர்வாக நிற்பதில் இந்த ஏற்பாட்டிற்கும் பங்குண்டு.

வெளிநாடு போனவர்கள் இன்னொரு வெற்றிடம். 2022இல் மட்டும் 3 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து புறப்பட்டார்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள தாய்மார் போவதைக் கட்டுப்படுத்த 2013இல் கொண்டுவந்த குடும்பப் பின்னணி அறிக்கை முறை 2022இல் நீக்கப்பட்டது. குவைத்தில் வீட்டு வேலை செய்யும் தாய் இலங்கையின் தொழிற்படையில் எண்ணப்படமாட்டார். அவர் இல்லாததால் பேரப்பிள்ளைகளைப் பார்க்கக் கொழுந்தெடுப்பதை விட்ட பாட்டியும் எண்ணப்படமாட்டார். இரு பெண்கள் காலையிலிருந்து இரவு வரை உழைக்கிறார்கள், இருவருமே பங்கேற்கவில்லை என்கிறது கணக்கு. விறகு பொறுக்குவது, தண்ணீர் சுமப்பது, வீட்டுத் தேவைக்கென்று பின்பக்கத்தில் கோவா நடுவது எல்லாம் 2013இல் ஏற்கப்பட்ட புதிய சர்வதேச வரையறையின்படி வேலைதான், ஆனால் தொழில் அன்று. நுணுக்கமான வேறுபாடு, ஆய்வில் அடிக்குறிப்பாக வைத்தால் போதும்.

துறைப் பிரிவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்த வேண்டாம். 20 ஏக்கருக்குக் குறையாமலும், குடியிருக்கும் தொழிலாளர் பத்துப் பேருக்குக் குறையாமலும் உள்ள பெருந்தோட்டமே தோட்டத்துறை. மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பதே நகரம். பிரதேச சபைகள் வந்த பிறகு கொட்டகலையும் மஸ்கெலியாவும் பொகவந்தலாவையும் புள்ளிவிபரத்தில் கிராமம். தோட்டத்தில் பிறந்து கொட்டகலை டவுனில் கடை வைத்திருப்பவர் கிராமியத் துறையில் சேர்ந்துவிடுவார். தோட்டத்தை விட்டு முன்னேறியவர்கள் யாவரும் தோட்டத்துறையின் கணக்கிலிருந்து கழிந்துவிடுவார்கள். எஞ்சியவர்களை மட்டும் அளந்துவிட்டு மலையகம் மாறவே இல்லை என்று எழுதுவது பிழை. தோட்டத்துறை மக்கள் நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ 4 சதவீதமே என்பதால் அளவீட்டில் அவர்களுக்குரிய மாதிரியும் சிறிது. காலாண்டு எண்கள் துள்ளும். ஆண்டு எண்ணை எடுத்து, பல வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

இப்போது பல கம்பனிகள் முன்வைக்கும் வருமானப் பகிர்வு முறையைப் பற்றி மாணவி கேட்கவில்லை, ஆனால் அவருடைய ஆய்வு முடிவதற்குள் அது கணக்கையே மாற்றிவிடக்கூடும். ஒரு குடும்பத்திற்கு ஆயிரம் இரண்டாயிரம் செடிகளைப் பிரித்துக் கொடுத்து, பராமரித்துக் கொழுந்தைக் கிலோ கணக்கில் தொழிற்சாலைக்கே தரச் சொல்வது அதன் சாரம். நாட்சம்பளம் இல்லை, நிலம் கம்பனியுடையது. அந்த நாளில் கணவர் சுயதொழில் செய்பவராகவும், கூடப் பறிக்கும் மனைவியும் மகளும் ஊதியமற்ற குடும்பத் தொழிலாளர்களாகவும் பதிவாகலாம். மூவரும் தொழிற்படைக்குள் வருவதால் பங்கேற்பு வீதம் கூடும்; சேமலாப நிதிக்குப் பணம் கட்டும் தொழில்தருனர் மட்டும் காணாமற் போவார். நல்ல விலை கிடைத்து, நீண்டகாலக் குத்தகையாக எழுதித் தந்தால் அது சிறுதோட்ட உடைமைக்கு ஒரு படியாகலாம் என்பதை நான் மறுக்கவில்லை. எழுதித் தரும்வரை, நட்டத்தை மட்டும் தொழிலாளியோடு பகிர்ந்துகொள்ளும் முறை என்றே அதைப் பார்க்கிறேன்.

களத்திற்குப் போகும்போது, "வேலை இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், ஆம் என்ற ஒற்றைச் சொல்தான் கிடைக்கும். போன மாதம் எத்தனை பேர் போட்டார்கள், அதில் அரைப் பேர் எத்தனை, கைக்காசு எவ்வளவு, சம்பளச் சீட்டில் கழிவுகள் போகக் கைக்கு வந்தது எவ்வளவு என்று கேளுங்கள். சீட்டைப் பெரும்பாலோர் சாமிப் படத்திற்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்கள், கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். வீட்டில் இருப்பவர்களை எழுதிய பிறகு, இந்த வீட்டிற்குப் பணம் அனுப்புபவர்கள் என்று இன்னொரு பட்டியலையும் எழுதுங்கள். ஞாயிறு பின்னேரம் போவது நல்லது. தீபாவளிக்கு முந்திய வாரம் கிடைத்தால் இன்னும் நல்லது, இரண்டாவது பட்டியலில் உள்ளவர்கள் அப்போதுதான் வீட்டில் இருப்பார்கள்.